படத்தில் தண்ணீர் இல்லை: ஆரேயில் ஒரு வார்லி பாடாவின் வன உரிமை மனு

மும்பை ஆரேயில் உள்ள ஒரு வார்லி ஆதிவாசிப் பாடாவுடன் 2021 ஜூலை முதல் 2024 இறுதி வரை நாங்கள் செய்த வேலையின் பதிவு இது. வார்லி மக்கள் தங்கள் சிற்றூரைப் ‘பாடா’ என்பார்கள். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டபடி பாடாவின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன். அவர்களுடைய முதல் மனு கெட்டதற்கு நாங்கள்தான் காரணம். எப்படிக் கெட்டது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை இதே வேலையில் இறங்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

பின்னணி

கோரேகாவில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டி இருக்கிறது ஆரே. 1949-இல் அங்கே பால் காலனி தொடங்கியபோதே பாடாக்கள் இருந்தன. நிலம் பால்வளத்துறையின் கைக்குப் போனது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், ஆனால் ஏட்டில் அவர்கள் இல்லை. 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக ஒரே இரவில் தொடங்கி 2,000-க்கும் மேற்பட்ட மரங்களை வெட்டியபோதுதான் ஆரே என்ற பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. அதன் பிறகு, 2021-இல் 812 ஏக்கர் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரம் மகிழ்ந்தது, நாங்களும் மகிழ்ந்தோம்.

பாடாவில் அந்த மகிழ்ச்சி இல்லை, அதற்குக் காரணமும் இருந்தது. இந்திய வனச் சட்டம், 1927-இன் 4-ஆம் பிரிவின் கீழ் ஓர் இடத்தைக் காப்புக்காடாக்கப் போவதாக அரசு அறிவித்தால், அங்கே உரிமை உள்ளவர்கள் குறித்த காலத்துக்குள் கோரியாக வேண்டும். கோராத உரிமை 9-ஆம் பிரிவின்படி அற்றுப்போகும். மரத்தைக் காப்பாற்றும் அறிவிப்பே மரத்தடியில் வாழ்பவரை வெளியே தள்ளவும் வழி வைத்திருக்கிறது.

இந்த அநீதியைத் திருத்த வந்ததுதான் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 13.12.2005-க்கு முன்பிருந்து வன நிலத்தில் வாழும் பழங்குடியினர் வீட்டுக்கும் பயிர்நிலத்துக்கும் 4 ஹெக்டேர் வரை உரிமை கோரலாம். இதைவிடப் பெரிய உரிமை 3(1)(i) பிரிவில் இருக்கிறது. ஊர் வழிவழியாகக் காத்துவந்த காட்டைப் பாதுகாக்கவும், மீண்டும் வளர்க்கவும், நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை உண்டு என்கிறது அது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். உரிமைகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) பிரிவு. இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் போனோம். போய் என்ன செய்தோம் என்பதில்தான் கோளாறு.

எங்களிடம் வந்தது எப்படி

தாராவி 90 அடி ரோட்டில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் சட்ட உதவிக்கு உட்காருவோம். என்னுடன் சயான் கோலிவாடாவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற வரைபடக்காரர் ஒருவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. ஆன்டாப் ஹில்லைச் சேர்ந்த சட்ட மாணவி ஒருத்தியும் உண்டு. எங்கள் வேலை பெரும்பாலும் குடிசை சர்வேதான். 1.1.2000-க்கு முன்பே இங்கே குடியிருந்தோம் என்று நிரூபிக்க ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், மின்கட்டண ரசீது எல்லாம் தேடி எடுத்து அடுக்குவது எங்களுக்குக் கைவந்த வேலை.

தாராவியிலிருந்து முதல் ரயில் பிடித்துப் போய் கோரேகாவ் ஸ்டேஷன் பக்கம் இட்லி விற்கும் அக்கா ஒருவர்தான் அழைத்துவந்தார். மழைக்காலத்தில் அவர் பக்கத்தில் காட்டுக்கீரை விற்க உட்காரும் வார்லிப் பெண்ணை அவர் ‘மாவ்ஷி’ என்பார். “மாவ்ஷி ஊருல வந்து கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்களாம். எங்க வீட்டு சர்வேக்கு அலைஞ்சு திரிஞ்சு முடிச்சுக் குடுத்தீங்கல்ல, அவங்களுக்கும் முடிச்சுக் குடுங்க” என்றார். அக்கா கேட்டதை அப்படியே செய்துவிட்டோம்.

முதல் மனு

மூன்று ஞாயிறுகளில் 41 வீடுகளுக்கு எண் போட்டோம். குடும்பத் தலைவரை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தோம். அண்ணாச்சி அளந்து வரைந்தார். ‘ஏ’ படிவம், அதாவது தனிநபர் உரிமைக்கானது, 41 தயாரானது. தாராவியில் பயன்படுத்தும் விவரப் பட்டியலையே இணைத்தோம். அதில் ‘வீட்டு வகை’ என்ற கட்டத்தில் 41 முறையும் ‘ஜோப்படி’, அதாவது குடிசை, என்று எழுதினேன். எழுதும்போது கை தயங்கவில்லை.

அந்த நாட்களில் கண்ணில் பட்டும் மனதில் படாத ஒன்று என் நோட்டில் இருக்கிறது. இரண்டாம் ஞாயிறு மாவ்ஷி, “எல்லாம் சரி, மேல் பக்கம் எப்போ வருவீங்க?” என்று கேட்டிருக்கிறார். மூன்றாம் ஞாயிறும் கேட்டிருக்கிறார். “முதல்ல வீடு முடியட்டும்” என்று இரண்டு முறையும் பதில் சொல்லியிருக்கிறேன். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

2021 அக்டோபரில் மனுக் கட்டைக் கொடுத்தோம். 2022 ஜனவரியில் திரும்பி வந்தது. இது மாநகராட்சி எல்லை, கிராமசபைத் தீர்மானம் இல்லை, பலரிடம் சாதிச் சான்று இல்லை என்று காரணங்கள். சாதிச் சான்று தனிக்கதை. 1950-க்கு முன்பே இங்கே இருந்ததற்குக் காகிதம் கேட்கிறார்கள், காகிதமே வராத ஊரிடம்.

ஆனால் எங்களை உலுக்கியது எழுத்தில் இல்லாத காரணம். அலுவலர் எங்கள் பட்டியலையே திருப்பிக் காட்டினார். “நீங்களே ஜோப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். குடிசைக்கு வேறு துறை இருக்கிறதே.” அந்த வேறு துறையின் வழி எங்களுக்கு நன்றாகத் தெரியும். மாடிக் கட்டடத்தில் 300 சதுர அடி வீடு, கையில் சாவி. தாராவியில் அதற்காகத்தான் ஆயுள் முழுக்கப் போராடுகிறோம். இங்கே அதே சாவியைக் கொடுத்தால் ஒரு காடு கையை விட்டுப் போகும். தாங்கள் வாழும் காட்டைத் தாங்களே நிர்வகித்துவந்த மக்களை, எங்கள் கையெழுத்தால் நாங்களே குடிசைவாசிகளாக்கியிருந்தோம்.

திண்ணையில் விரித்த படம்

பிப்ரவரியில் மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். சாணி மெழுகிய திண்ணையில் அண்ணாச்சி தன் படத்தை விரித்தார். 41 கட்டங்கள், 41 எண்கள், சுத்தமான கோடுகள். ஊரில் மூத்த பெண்மணி ஒருவரை எல்லோரும் ஆஜி, அதாவது பாட்டி, என்று கூப்பிடுவார்கள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மராத்தியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “பாணி குடே?” தண்ணீர் எங்கே?

படத்தில் தண்ணீர் இல்லை.

ஆஜி தன் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து, காகிதத்துக்கு வெளியே, ஒரு கை தூரத்தில் தரையில் வைத்தார். அதுதான் ஊற்று. அதற்கு மேல் ஒரு தீப்பெட்டி வைத்தார், அது வாகோபாவின் கல். வாகோபா சிறுத்தை உருவில் இருக்கும் அவர்கள் தெய்வம். மாவ்ஷி விளக்குமாற்றுக் குச்சிகளை உருவிப் பாதை போட்டார். இன்னொரு பெண் புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து மூன்று இடத்தில் குவித்தார், சேவ்ளிக் கீரை முளைக்கும் இடங்கள். பனைகளுக்குக் கூழாங்கல். முடிந்து நிமிர்ந்தபோது அண்ணாச்சியின் காகிதம் ஓர் ஓரத்தில் கிடந்தது. பாடா திண்ணை முழுக்கப் பரவியிருந்தது.

திரும்பும் வழியில் அண்ணாச்சி பேசவே இல்லை. ஸ்டேஷன் வந்ததும் சொன்னார்: “நாப்பது வருசம் படம் வரைஞ்சவன் நான். தண்ணிய விட்டுட்டு ஒரு ஊர வரைஞ்சதில்ல. இத ஊருன்னே எனக்குத் தோணலயேம்மா.”

மழை விழுந்த பிறகு

மேல் பக்கம் போவதற்கு ஜூன் வரை காத்திருக்கச் சொன்னார்கள் பெண்கள். மழை விழாமல் போனால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார் மாவ்ஷி. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இரண்டு ஆண்டு கழித்து, அரசு ஆய்வு வந்தபோது புரிந்தது.

2022 ஜூன் இரண்டாம் வாரம், முதல் மழைக்குப் பின் ஏறினோம். ஈர மண்ணைப் பிளந்து சேவ்ளி ஊதா நிறத்தில் குச்சி குச்சியாய் நின்றது. சேனைக் குடும்பத்துச் செடி, அப்படியே சமைத்தால் தொண்டை நமைக்கும். நாம் கருணைக்கிழங்குக்குப் புளி விடுவதுபோல அவர்கள் காகட் என்ற காட்டுக்காயின் புளிப்பைச் சேர்க்கிறார்கள். குச்சியை மட்டும் ஒடிக்க வேண்டும், கிழங்கைத் தோண்டக் கூடாது. முதல் நாள் பறித்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது. தெய்வத்துக்குப் படைத்துவிட்டு எல்லா வீட்டிலும் சமைத்த பிறகுதான் விற்பனை. என்றைக்கு முதல் நாள் என்பதை ஆஜியும் இன்னும் நான்கு பெண்களும் பார்த்துச் சொல்வார்கள்.

ஊற்றுக்கும் சட்டம் உண்டு. ஆண்டுதோறும் மே மாதம் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து சேறு அள்ள வேண்டும். மேல் குழி குடிக்க, கீழ்க் குழி துவைக்க. பொழுது சாய்ந்ததும் யாரும் போகக் கூடாது. “ராத்திரி அது அவரோட ஊற்று” என்றார் மாவ்ஷி. சிறுத்தையைத்தான் சொன்னார். சிறுத்தையோடு மோதாமல் வாழும் வழி என்று நகரத்தில் பேசுகிறோமே, இங்கே அது தண்ணீர் எடுக்கும் நேரமாகவே இருந்தது.

கார்விச் செடியைப் பச்சையாக வெட்டுவதில்லை. நம் குறிஞ்சியின் இனம் அது, எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மடியும். மடிந்து காய்ந்த தண்டைத்தான் சுவருக்கு வரிந்து கட்டி மண் பூசுகிறார்கள். திருமணமாகி எப்போது இந்த ஊருக்கு வந்தீர்கள் என்று ஆஜியிடம் கேட்டபோது ஆண்டு சொல்லத் தெரியவில்லை. “நான் வந்த பிறகு கார்வி ஏழு தடவை பூத்திருக்கு” என்றார். கடைசிப் பூப்பு 2016. எட்டு எட்டாகப் பின்னால் எண்ணினால் 1968. சட்டம் கேட்பது 2005 டிசம்பருக்கு முன்பு என்பதை மட்டும்தான். மாணவி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை வாக்குமூலமாக எழுதினாள். மனுதாரர் அல்லாத மூத்தோரின் வாக்குமூலத்தை விதி 13 சாட்சியாக ஏற்கிறது. நீர்நிலை, கிழங்கும் கீரையும் சேகரிக்கும் இடம், மேய்ச்சல் நிலம், தெய்வ மரம், இடுகாடு இவற்றையும் சாட்சியாக அதே விதி பட்டியல் போடுகிறது. இதையெல்லாம் 2021-லேயே படித்திருந்தேன். படித்தபோது அவை எனக்குச் சொற்கள் மட்டுமே.

எல்லை வரையும்போது இன்னொரு பாடமும் கிடைத்தது. கிழக்குச் சரிவில் கோடு எங்கே போடுவது என்று அண்ணாச்சி கேட்க, பெண்கள் சிரித்தார்கள். அது பக்கத்துப் பாடாவும் மாடு மேய்க்கும் இடம். கோடு போட்டிருந்தால் இரண்டு ஊருக்குள் சண்டையை மூட்டியிருப்போம். பக்கத்துப் பாடாவிலிருந்து மூன்று பேரை அழைத்துவந்து, அந்தச் சரிவைச் சேர்ந்து பயன்படுத்தும் இடம் என்று குறித்து, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஊர்க்காட்டுக்கான ‘சி’ படிவத்தை முன்னால் வைப்பது, வீட்டு மனுக்களைத் திருத்தி அதோடு இணைப்பது என்பது பெண்களின் முடிவு. எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. டெலிவரி வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எழுந்து, “ஊற்றைக் காட்டி என்ன ஆகப் போகுது? புல்டோசர் வந்தா வீட்டைத்தானே இடிப்பான்” என்றார். அவர் பயத்தில் தவறில்லை. சரிபார்ப்பு முடியும்வரை வெளியேற்றத் தடை ‘சி’ மனுவோடும் நிற்கும் என்று 4(5) பிரிவை வாசித்துக் காட்டினோம். கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா ஊரைப் பற்றிப் பேசினோம். 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது உரிமை பெற்று, 2011 முதல் தன் மூங்கிலைத் தானே விற்ற கோண்டு ஊர் அது. ‘தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு’ என்பது அவர்கள் முழக்கம். மும்பைக்குள்ளேயே இருக்கிற நம் ஊரில் யார் அரசு என்று அந்த இளைஞர் கேட்டார். கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரத்திலிருந்து மனு வேலைக்கு அவர் வரத் தொடங்கினார்.

கிராமசபை இல்லை என்ற ஆட்சேபத்துக்குப் பதில் சட்டத்திலேயே இருந்தது. பழைய குடியிருப்புகளும் சர்வே செய்யப்படாத ஊர்களும் அதன் பார்வையில் கிராமம்தான். உலகப் பழங்குடியினர் நாளான ஆகஸ்ட் 9-க்கு அடுத்த ஞாயிறு பாடாவின் பெரியவர்கள் எல்லோரையும் கூட்டினோம். பாதிப் பேர் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பது விதி. 131 பேரில் 96 பேர் வந்தார்கள், 58 பேர் பெண்கள். 12 பேர் கொண்ட வன உரிமைக் குழு அமைந்தது.

‘ஜோப்படி’ என்ற சொல்லை முறைப்படித் திரும்பப் பெற்று, அது எழுதியவரின் பிழை என்று நான் பிரமாணப் பத்திரம் கொடுத்தேன்.

ஒன்றை வேண்டுமென்றே விட்டோம். சேவ்ளி முளைக்கும் இடங்களின் துல்லியப் புள்ளிகளைப் படத்தில் போடவில்லை, பகுதியை மட்டும் நிழலிட்டோம். அரசிடம் போகும் காகிதம் வேறு கைகளுக்கும் போகும். கிழங்கோடு தோண்டி எடுக்க வியாபாரிகள் வந்தால் மூன்றே மழைக்காலத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஆஜி சொன்னார். துல்லியமான படம் பெண்களின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. எங்களிடம் அதன் நகல்கூட இல்லை.

பின்னர் நடந்தது

2022 நவம்பரில் மனு கொடுத்தோம். மூன்று நடைக்குப் பிறகு முத்திரையிட்ட ஒப்புகை கிடைத்தது.

2023 பிப்ரவரியில் ஒரு சுற்றுச்சுவருக்காக ஊற்றுப் பாதையின் குறுக்கே கால்வாய் தோண்டினார்கள். புல்டோசரைப் பற்றிக் கேட்ட அதே இளைஞர் அன்று வேலைக்குப் போகாமல் ஒப்புகையின் நகலோடு குழியருகே நின்றார். ஒன்பது நாள் வேலை நின்றது. முடிவில் பாதைக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டுச் சுவர் எழுந்தது. உரிமை என்று ஒப்புக்கொண்டு விட்ட இடைவெளி அல்ல அது. இன்றைக்கும் பெண்கள் அதன் வழியாகத்தான் தண்ணீர் எடுத்துவருகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சிக்கிய மூன்று பனைகள் போய்விட்டன.

கூட்டுச் சரிபார்ப்புக்கு அரசு அலுவலர்கள் 2023 நவம்பரில் வந்தார்கள். வீட்டுப் பக்கம் அரை நாளில் 34 வீடுகள் முடிந்தன, மலைப் பக்கம் அடுத்த முறை என்றார்கள். அடுத்த முறை வந்தது 2024 ஏப்ரலில். கொளுத்தும் வெயில். ஊற்று விரல் பருமனுக்குக் கசிந்தது. சேவ்ளி இருக்கும் இடத்தில் காய்ந்த மண், மேலே சருகு. ‘பயன்பாட்டுக்கான அடையாளம் காணப்படவில்லை’ என்று குறிப்பு எழுதினார்கள். மாவ்ஷி கீழே உட்கார்ந்து விரலால் மண்ணைக் கீறி ஒரு கிழங்கின் தலையைக் காட்டினார். காட்டிவிட்டு அப்படியே மூடினார். அதைப் பார்த்தவர்கள் குறிப்பில் சேர்க்கவில்லை.

அன்று மாலையே எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தோம். ஊரின் வழக்கமான எல்லைக்குள் இருக்கும் பொதுக் காடு ஊர்க்காட்டில் அடங்கும் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. குறிப்பிட்ட வகை ஆவணம்தான் வேண்டும் என்று குழு வற்புறுத்தக் கூடாது என்கிறது 2012-இல் திருத்திய விதி. இரண்டையும் மேற்கோள் காட்டி, மழைக்குப் பின் மறு ஆய்வு கேட்டோம்.

இப்போது செய்வதானால்

முதல் நாளே தண்ணீர் எங்கே என்று கேட்போம். வீட்டு எண்ணை எந்த மாதத்திலும் போடலாம், காட்டை அதன் பருவத்தில்தான் பார்க்க முடியும். அதனால் மழை விழும் முன் எந்தப் படத்தையும் முடிக்க மாட்டோம். ஒரு பெண் ஒரே கேள்வியை இரண்டாவது முறை கேட்டால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அவர் காட்டும் பக்கம் போவோம். தாராவியின் படிவங்களைப் பையிலேயே எடுத்துப்போக மாட்டோம். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான் எங்களை இங்கே தவறவைத்தது. இது என்னை இன்னும் உறுத்துகிறது. ‘ஜோப்படி’ என்று எழுதிய பட்டியல் ஏதோ ஒரு அலுவலகக் கோப்பில் இன்னும் இருக்கும், என் பிரமாணப் பத்திரம் அதோடு சேர்ந்து இருக்கும் என்று நிச்சயமில்லை.

சரிபார்ப்பின்போது நாங்கள் ஏமாந்த இடம் தேதி. ஏப்ரல் தேதியை ஒப்புக்கொண்டது நாங்கள்தான். தள்ளிப்போடக் கேட்டால் மனுவே தள்ளிப்போகும் என்று பயந்தோம். மாவ்ஷி அப்போதே வேண்டாம் என்றார். இனி வரும் ஆய்வுக்கு ஜூன் இரண்டாம் வாரத்துக்கு முன்பான எந்தத் தேதிக்கும் கையெழுத்திடக் கூடாது என்று வன உரிமைக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

2024 இறுதி நிலவரப்படி 34 வீட்டு மனுக்கள் அடுத்த கட்டக் குழுவில் இருக்கின்றன, 7 வீடுகள் அளக்கப்படவில்லை, ஊர்க்காட்டு மனுவில் முடிவு இல்லை. மறு ஆய்வுத் தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று ஒரு வரியில் பதில் வந்திருக்கிறது.

2024 மழைக்காலத்தில் கார்வி மறுபடி பூத்தது. ஆஜி மாணவியைக் கூப்பிட்டனுப்பி, முன்பு சொன்ன கணக்கு மாறிவிட்டது, எழுதிக்கொள் என்றார். ‘ஏழு’ என்றிருந்த வாக்குமூலத்தோடு ‘எட்டு’ என்ற துணை வாக்குமூலத்தையும் கைநாட்டு வாங்கி மனுவில் சேர்த்திருக்கிறோம்.